கேசட்டில் இருமியவன்

என்னைச் சயரோகக்காரன் ஆக்கியது ஒரு வீடியோ கேசட். பள்ளிப் பாடப்புத்தகத்தில் காசநோய் என்று போட்டிருக்கும், டெப்போவில் டி.பி. என்பார்கள், மலைக்கு வரும் வயதான பயணிகள் சயம் என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்த நோய் என் உடம்பில் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனாலும் ஒரு வருஷம் போல திருவனந்தபுரத்து பஸ்காரர்கள் என்னைக் கண்டால் ஒதுங்கி நின்றார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பிறந்து வளர்ந்தது ஆரியசாலையில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். கண்டக்டர் வேலைக்கு உத்தரவு வந்தபோது அம்மா, "உனக்குன்னே செஞ்ச ஜோலியாக்கும். உட்காரவே வேண்டாம்" என்றாள். அவள் சொன்னது சரிதான். கூட்டமே இல்லாத பஸ்ஸிலும் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

என் டிரைவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, ஏறாத கோயில் எல்லாம் ஏறி, ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அப்போது அதற்கு மூன்று வயது. அண்ணாச்சி பேசுவதே குறைவு. பேசினால் பாதி மகளைப் பற்றி இருக்கும், மீதி கிளட்சைப் பற்றி இருக்கும்.

எங்களுக்குப் பொன்முடி ரூட். சில நாள் போனக்காடு. ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். தமிழ் பேசும் ஜோடி போனால் சண்டை குறையும் என்று டெப்போவில் எங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஜோடி என்பது பெயருக்கு இல்லை, பஸ்காரர்களிடம் அதற்கு ஒரு முறை உண்டு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில், ஒரே தோர்த்து. அந்த ஒரு துண்டால்தான் முகம் துடைப்பது, கண்ணாடி துடைப்பது, சூடான டீ கிளாஸைப் பிடிப்பது எல்லாம். தனக்கென்று தனித் துண்டு வைத்துக்கொள்கிற கண்டக்டரை எந்த டிரைவரும் நம்பமாட்டார். "அவனுக்கு நம்மளைக் கண்டா அருவருப்பாக்கும்" என்று சொல்லி வேறு ஆள் கேட்டுவிடுவார்.

அண்ணாச்சிக்கு அந்த மழைக்காலத்திலிருந்தே இருமல். மலையில் பாதி ஏறியதும் மஞ்சு என்கிற பனிமூட்டம் இறங்கிவிடும். பயணிகள் எல்லா ஜன்னல் ஷட்டரையும் இழுத்து விட்டுவிடுவார்கள். அந்த அடைந்த பஸ்ஸுக்குள் ஒவ்வொரு வளைவிலும் அண்ணாச்சி இருமுவார்.

"ஒரு டாக்டரைப் பார்க்கப்படாதா அண்ணாச்சி?" என்று கேட்டால், "டீசல் புகையாக்கும் மக்கா. இத்தனை வருஷமா உள்ளே போன புகை வெளியே வரண்டாமா?" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டெப்போவில் இருமாதவன் யார்?

அப்படியிருக்கும்போதுதான் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு லேடி டாக்டர் எங்கள் டெப்போவுக்கு வந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர். ஓய்வறையில் நின்றுகொண்டு, பஸ் தொழிலாளிகளுக்கு நெஞ்சில் நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பாதிப்பேர் தூங்கினார்கள், மீதிப்பேர் ரம்மி ஆடினார்கள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இவர்கள் காதால் கேட்கிற ஜாதி இல்லை என்று புரிந்துகொண்டு, அடுத்த முறை கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னதாக ஒரு படம், மலையாளத்தில் ஒரு கேசட், தமிழில் ஒரு கேசட். இருமும்போது வாயைப் பொத்து, கண்ட இடத்தில் துப்பாதே, ஷட்டரைத் திறந்து வை, ஓய்வறை ஜன்னலைத் திற, மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதனைக்குக் கொடு. இவ்வளவுதான் கதை.

எங்கள் தெரு நூலகத்தின் ஆண்டுவிழா நாடகங்களில் நான் இரண்டு தடவை செத்திருக்கிறேன். அந்தத் தகுதியில் நோயாளிக் கண்டக்டர் வேஷம் எனக்கு வந்தது. எனக்குப் புத்தி சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற நல்ல டிரைவராக அண்ணாச்சி. முதலில் மாட்டேன் என்றார். "மகள் டி.வி.யிலே அப்பனைக் காணுவா" என்று நான் சொன்னதும் மறுநாள் சவரம் செய்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

டெப்போவின் பின்பக்கம் ஓடாமல் கிடந்த ஒரு பஸ்ஸில் எடுத்தார்கள். டாக்டருக்கு என் இருமல் பிடிக்கவில்லை. "இது கேட்டா பொய்யின்னு தோணும்" என்றார். தொண்டை வறளும்வரை விதவிதமாக இருமிக் காட்டினேன், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. தினமும் கண்ணுக்கு முன்னால் அசல் சரக்கு இருக்கும்போது நான் ஏன் தேடி அலைய வேண்டும்? அண்ணாச்சி இருமுவதை அப்படியே எடுத்துக்கொண்டேன். முதலில் தொண்டையைச் செருமுவது, தோளை உள்ளே இழுப்பது, அடிவயிற்றிலிருந்து விடாமல் இருமுவது, கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது. கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். யாரைப் பார்த்துச் செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருக்கு ஒரே ஒரு வசனம்தான். "தம்பி, மூணு வாரத்துக்கு மேலே இருமல் நிக்கலேன்னா சளியைக் காட்டணும். பேடிக்க ஒண்ணும் இல்லை, பயப்படண்டாம்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிடும். வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "அண்ணே, நீங்க இருமாதீங்க. இருமவேண்டியது அவராக்கும்" என்பார். மறுபடியும் வசனம், மறுபடியும் இருமல். டெப்போ முழுக்கச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். டாக்டர் மட்டும் சிரிக்காமல் அண்ணாச்சியிடம் வந்து, "நீங்க ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வரணும், கேட்டோ" என்றார். "ஓ, வரலாம்" என்று அண்ணாச்சி பெரிதாகத் தலையாட்டினார். போகவில்லை.

கேசட் டெப்போ டெப்போவாகப் போயிற்று. தோட்டத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி. வைத்துப் போட்டுக் காட்டினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும். இதில் இரண்டும் இல்லை. இருந்தது எங்கள் பஸ், எங்கள் ஓய்வறை, நான். எடுத்தவர் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களை எடுத்த அதே ஆள். அவர் கேசட்டில் வருகிற கல்யாணம் நடந்த கல்யாணம் என்றால், அவர் கேசட்டில் வருகிற இருமலும் நடந்த இருமல்தானே? அவ்வளவுதான் அவர்கள் யோசித்தது. அதற்கு மேல் யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை.

டீக்கடையில் எனக்கென்று ஒரு கிளாஸ் தனியாக ஒதுங்கியது. ஓய்வறை மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளத்து நண்பர் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, "ஒண்ணும் விசாரிக்கருது சேட்டா, வீட்டிலே குஞ்ஞுங்கள் உண்டு" என்றார். தப்பாக நினைக்காதே, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பஸ்ஸில் சில்லறையை என் கையில் வைக்காமல் மேலேயிருந்து போட்டார்கள். தோட்டத்து அம்மா ஒருத்தி என் நெற்றியில் தொடாமலே விபூதியைத் தூவி, "சீக்கிரம் சுகமாகணும் அய்யா" என்றாள். இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த என் மனைவியும், பக்கத்து வீட்டுக்காரி வருவதை நிறுத்திக்கொண்ட பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நடிக்கிறதுன்னா ஒரு ராஜாவா நடிக்கப்படாதா? சீக்காளியாவா நடிப்பாங்க?" என்று பாத்திரத்தை உருட்டினாள்.

"நடிப்பு அய்யா, நடிப்பு!" என்று டெப்போ நடுவில் நின்று கத்தினேன். கத்தினால் மூச்சு இரைக்கும். மூச்சு இரைத்தால், "கண்டியா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. எனக்கு இருப்புக்கொள்ளாமல் போயிற்று. வீட்டில் இருந்தால் டெப்போவுக்குப் போகத் தோன்றும், டெப்போவுக்குப் போனால் ஏன் வந்தோம் என்று இருக்கும்.

நேராக அந்த டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகம் வாடிப்போய், இதில் வருகிறவர்கள் நடிகர்கள் என்று கேசட்டின் தொடக்கத்தில் எழுதிச் சேர்க்கிறேன் என்றார். சொன்னபடி செய்யவும் செய்தார். அதைப் படிக்க யார் இருந்தார்கள்? நான் எழுந்து கிளம்பும்போது டாக்டர், "ஆட்டே, அந்த டிரைவர் என்ன வரலை? அவருக்கு இருமல் நின்னுதா?" என்று கேட்டார். எனக்கு நேர்ந்த அவமானத்தையே மென்றுகொண்டிருந்ததில் நான் அண்ணாச்சியை மறந்தே போயிருந்தேன்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். அவர் சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் கியர் மாற்றும்போது மூச்சு வாங்கியது. முன்பு வெளிப்படையாக இருமியவர் இப்போது வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருமினார். துண்டில் சிவப்பு தெரிந்தால் வெற்றிலைச் சாறு என்பார். எந்நேரமும் வெற்றிலை போடுகிற வாய், அதனால் நான் மறுத்துப் பேச முடியவில்லை.

ஒரு ஹர்த்தால் முடிந்த மறுநாள் காலை. கடைகள் அடைத்துக் கிடந்ததால் முந்தின நாளிலிருந்து அண்ணாச்சிக்கு வெற்றிலை கிடைக்கவில்லை, அதற்காகச் சிடுசிடுவென்று இருந்தார். பொன்முடியில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியதும் முகம் துடைக்க நான் துண்டை எடுத்தேன். ஓரத்தில் சிவப்பாக இருந்தது. ஈரம் காயவில்லை.

"அண்ணாச்சி, நீங்க இன்னைக்கு வெத்தலை போடலையே."

அவர் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். "சத்தம் போடாதே மக்கா."

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. இன்னைக்கே போவோம்."

"போனா?" என்றார். "நீ சும்மா நடிச்சதுக்கே உன்னை இந்தப் பாடு படுத்துகானுவ. நெசம்னு தெரிஞ்சா என்னை என்ன செய்வானுவ? வீட்டிலே அவளுக்குத் தெரிஞ்சா பிள்ளையைத் தூக்கிட்டு அவ அம்மை வீட்டுக்குப் போயிருவா. பிள்ளை இல்லாத வீட்டிலே நான் யாருக்காக மருந்து திங்கணும்?"

நோயை மறைக்காதே என்று சொல்ல எடுத்த படம், ஒரு நோயாளியை ஒளிந்துகொள்ளச் செய்திருந்தது. அவர் ஒளிந்திருந்தது வேறெங்கும் இல்லை, ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் பஸ்ஸின் டிரைவர் சீட்டில். மருந்து இருக்கிற நோய்க்கு ஒரு மனிதர் என் கண்முன்னால் சாகப்போகிறார் என்று பயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது, எனக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்துதான் வரும்.

அன்றைக்கு இறங்கும்போது ஒவ்வொரு சீட்டாகப் போய் ஷட்டர்களை எல்லாம் தூக்கிக் கட்டினேன். மஞ்சு உள்ளே அடித்தது. பயணிகள் எழுந்து சண்டைக்கு வந்தார்கள். "நோயை நீ வச்சிக்கிட்டு குளிரை எங்களுக்குத் தாறியா?" என்று ஒரு பெரியவர் கத்தினார். பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். நோயை நான் வைத்திருக்கிறேன் என்று ஊரே சொல்கிறது. அப்படியானால் வைத்துக்கொள்கிறேனே.

டெப்போவில் இறங்கியதும் அண்ணாச்சியிடம், "நாளைக்கு நீங்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

"உனக்கு என்ன?"

"எனக்குத்தானே டி.பி.? எல்லாரும் சொல்லுதாங்களே. தனியா போகப் பேடியா இருக்கு. துணைக்கு வாங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எல்லோர் காதிலும் விழும்படி, "வா மக்கா, நாளைக்கு நானே கொண்டு காட்டுதேன்" என்றார்.

இருவரும் சளி கொடுத்தோம். எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு இருந்தது, நிறையவே இருந்தது. டாக்டர் அவரைத் திட்டவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் இங்கே வந்து சிஸ்டரின் முன்னால் நின்று மாத்திரை விழுங்க வேண்டும், முதலில் கொஞ்ச நாள் வண்டி ஓட்டக்கூடாது, ஒரு வேளையும் விடக்கூடாது என்று சொன்னார். அண்ணாச்சி நடுவு வலி, அதாவது முதுகுவலி, என்று சொல்லி லீவு போட்டார். நான் ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு கூடவே போனேன். நான் ஒரு நாள் போகாவிட்டால் அவர் அன்றைக்குப் போகமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

டெப்போவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "அண்ணாச்சி தங்கமான மனுஷன். நடுவு வலியோடேயும் அந்தச் சீக்காளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலையுதாரு." பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். இங்கே பழி ஓரிடம், புகழ் ஓரிடம். நானாகத்தான் இதில் தலையைக் கொடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவரை யாராவது புகழும்போது அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிற நிற்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

மருந்து வேலை செய்தது. இருமல் குறைந்தது, சோறு இறங்கியது. பரிசோதனை செய்து பார்த்து, சளியில் இப்போது கிருமி இல்லை, மற்றவர்களுக்குப் பரவாது, ஆனால் மருந்தை நிறுத்தக்கூடாது என்று சிஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இவர் வீட்டிலே சின்னக் குஞ்ஞுங்கள் இல்லாதது பாக்கியம். உண்டெங்கில் அவங்களையும் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பிள்ளை இல்லைன்னா சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"உண்டுன்னு சொன்னா கொண்டு வரச் சொல்லுவாங்க. கொண்டு வந்தா அவளுக்குத் தெரியும்."

"பிள்ளைக்கு வந்திருந்தா?"

"வராது. நான் தள்ளியாக்கும் படுக்கேன்."

ஏறாத கோயிலெல்லாம் ஏறிப் பெற்ற பிள்ளை. அவரை அடிக்கக் கை வந்தது. நடு ரோட்டில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "இந்த வாரத்துக்குள்ளே நீங்க வீட்டிலே சொல்லணும். இல்லேன்னா நானே டாக்டர்ட்ட சொல்லிருவேன்" என்றேன். சரி என்றார். அந்தச் சரியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், வீடியோ எடுத்த அன்றைக்கு.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் மனைவியே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. உள்ளே வாங்க மைனி என்றேன், வரவில்லை. படிக்குக் கீழேயே நின்று, குழந்தையின் முகத்தைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு பேசினாள்.

"தம்பி, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. இனிமே எங்க வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிடண்டாம். உங்க நோவுக்கு அலைஞ்சு அலைஞ்சே அவரு பாதியாப் போனாரு. எங்களுக்குன்னு இருக்கது இது ஒண்ணாக்கும்."

என் மனைவிக்கு உண்மை தெரியும். பின்னாலிருந்து அவள் வாயைத் திறந்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் தொண்டையைச் செருமிவிட்டு, பிறகு சின்னதாக இருமல்.

"மைனி, பிள்ளைக்கு எத்தனை நாளா இருமல்?"

"கொஞ்ச நாளா. சாயங்காலமானா மேல் சுடும். காய்ச்சல் மருந்து குடுத்தா குறையுது, பிறகும் வருது. எதுக்குக் கேக்கீங்க?"

உள்ளதைச் சொல்ல வேண்டியது அண்ணாச்சி. நான் சொல்லி, அவர் இல்லை என்று மறுத்து, அந்தச் சண்டையில் இவள் பிள்ளையோடு அம்மை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டால் இந்த இருமலை யார் பார்ப்பது? அவள் எதை நம்புகிறாளோ அதையே பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு டி.பி.தான் மைனி. அண்ணாச்சி எந்நேரமும் என் கூடவே இருந்தாரு. அவரு வழியா பிள்ளைக்கும் வந்திருக்கலாம். நாளைக்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியிலே காட்டணும். நான் வாறேன்."

அவள் இரண்டடி பின்னால் போனாள். "நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, குழந்தையை இறுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். என் மனைவி அழுதாள். நான் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பொழுது சாயும்வரை நடந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவர்கள் மூவரும் வந்தார்கள். அவள் என்னோடு பேசவில்லை. அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் கையில் ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். மறுபடியும் போனோம். குழந்தைகள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நோய் தொடங்கியிருக்கிறது, தொடக்கம்தான், மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் முழுக்கக் குணமாகிவிடும் என்றார். பிறகு, இந்த நோய் வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார்.

"வீட்டிலே யாருக்கும் இல்லை. இவருக்காக்கும்" என்று மைனி என்னைக் காட்டினாள்.

"இவர் உங்க கூடவா தங்குறார்?"

"இல்லை."

"குழந்தையை எடுத்துக் கொஞ்சுவாரா?"

"இல்லை டாக்டர். இவரை இவ கண்டதே ரெண்டோ மூணோ தடவை."

டாக்டர் தலையைத் தூக்கி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னக் குழந்தைக்கு இது பெரும்பாலும் கூடவே இருக்கிற பெரியவர்களிடமிருந்துதான் வரும், வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி மருந்துச் சீட்டைக் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் மைனி பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் என்னை ஏசினாள். உன் குடும்பம் விளங்குமா என்றாள், என் பிள்ளை உனக்கு என்ன செய்தது என்றாள், அந்தக் கேசட்டில் உன்னைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஓடிப்போகலாம் என்று பார்த்தேன், ஆனால் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. இத்தனை நாள் டெப்போவில் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அண்ணாச்சி தூணோரமாக நின்றிருந்தார். "அவனை ஏசாதே" என்றார்.

அவள் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து இன்னொரு தரம் சொன்னார். "அவனை ஏசாதே. அவனுக்கு ஒண்ணும் இல்லை. இருமினது நானாக்கும். மருந்து திங்கதும் நானாக்கும்."

மைனி நிறுத்தினாள். அவர் முகத்தையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், குரல் எழும்பவே இல்லை.

"இதை வச்சுக்கிட்டா பிள்ளையை நெஞ்சிலே போட்டு உறக்குனீங்க?"

அவள் மருந்துச் சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மருந்து கொடுக்கிற ஜன்னலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் நிற்க முடியாது. அண்ணாச்சி இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அவரைத் தாண்டி வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"தம்பி, கொஞ்சம் பிடியுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

குழந்தை என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அண்ணாச்சி குனிந்து, "தா மக்கா" என்றார். அவரிடமிருந்து இனி யாருக்கும் பரவாது என்று சிஸ்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. கொடுத்திருக்கலாம். மைனி மருந்தோடு திரும்பி வரும்வரை நான் கொடுக்கவில்லை.